ஹெர்னியா லேப்ராஸ்கோபிக்குப் பிறகு வீக்கமா? செய்யக்கூடாத தவறுகள்

ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியே, ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள், குளிக்கும்போது மாமாவுக்குத் தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டது. சென்னை வியாசர்பாடி வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. “தண்ணி கேனைத் தூக்கினீங்களா?” என்று அத்தை அழுதுகொண்டே கேட்டார். ஸ்கேனில் தெரிந்தது வெறும் நீர். குடலிறக்கப் பை இருந்த வெற்றிடத்தில் நீர் கோப்பதை செரோமா என்பார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். மாமாவுக்கும் வற்றியது.

வீக்கத்தைப் பார்த்ததும் ஹெர்னியா திரும்பிவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. படுத்தால் உள்ளே போய், நின்றாலோ இருமினாலோ வெளியே தள்ளினால் சந்தேகப்பட வேண்டும். செரோமா அப்படிப் போய் வராது. ஆனாலும் தொட்டுப் பார்த்து நாமே தீர்மானிக்காமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள். ஸ்கேன் எடுத்தால், இருமி முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். சும்மா படுத்த நிலையில் சின்ன ஹெர்னியா தெரியாமல் போகலாம். ‘ஊசி போட்டு நீரை எடுத்துவிடுங்கள்’ என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். ஊசி வழியாகக் கிருமி, ஆபரேஷனில் உள்ளே வைத்த மெஷ்ஷைத் (வலையை) தொட்டால் பெரிய தொல்லை.

அடுத்தது, எல்லாப் பழியையும் 20 லிட்டர் கேன் மேல் போடுவது. லேப்ராஸ்கோபியில் மெஷ் தசைக்குப் பின்னால் வைக்கப்படுகிறது. வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க உதவுகிறது. சீக்கிரமே திரும்பும் ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே நடந்ததுதான். மெஷ் சிறியதாக இருந்திருக்கும் (பொதுவாக 10க்கு 15 செ.மீ. வேண்டும்), ஓரம் மடங்கியிருக்கும், அல்லது விந்துக்குழாயை ஒட்டிய கொழுப்புக் கட்டி கண்ணுக்குத் தப்பியிருக்கும். இந்த முறை கைவர 50 முதல் 100 ஆபரேஷன்கள் ஆகும் என்பார்கள். அதனால் ‘நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று முன்பே கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்டே ஆக வேண்டும்.

நம் பக்கத் தவறு வேறிடத்தில் இருக்கிறது. பீடி, சிகரெட் திசுவைப் பலவீனமாக்கும், இருமலையும் கொண்டுவரும். ஆறாத இருமல், முக்கி முக்கிப் போகும் மலச்சிக்கல், ப்ராஸ்டேட் வீங்கிச் சிரமப்பட்டுப் போகும் சிறுநீர், இவற்றுக்கு ஆபரேஷனுக்கு முன்பே வைத்தியம் பார்க்க வேண்டும். கேனைத் தொடாமல் மூன்று மாதம் கட்டிலில் கிடப்பதால் பயனில்லை. வலி விட்டதும் நடக்கலாம், வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேளுங்கள். மெடிக்கலில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் தொலைத்துவிடாதீர்கள். மாமா ரேஷன் கார்டோடு ஒரே கவரில் வைத்திருந்தார், அதுபோதும். நிஜமாகவே திரும்பி வந்தால், லேப்ராஸ்கோபி செய்தவருக்குப் பொதுவாக முன்பக்கம் திறந்து செய்வார்கள். முன்பு திறந்து செய்தவருக்கு லேப்ராஸ்கோபி. பழைய தழும்பும் மெஷ்ஷும் இருக்கும் பாதையில் மறுபடி போவது கடினம். எந்தப் பாதை என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும்.

கட்டி கல்லாகி உள்ளே போக மறுத்து, வலி ஏறி, வாந்தி வந்தால் அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள். எதுவும் சாப்பிடக் கொடுக்காமல், காலை ஓ.பி.க்குக் காத்திராமல், 108ஐ அழைத்து அந்த இரவே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்கோ அவசரப் பிரிவுக்குப் போங்கள்.