ஃபுகுஓகாவுக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு: பகலில் கொஞ்சம், இரவில் நிறைய

இந்த ஊரில் குடியிருப்பதால், ஜப்பானுக்கு வருகிற உறவினரும் நண்பர்களும் என்னிடம்தான் பயணத் திட்டம் கேட்கிறார்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ஃபுகுஓகாவில் பகலில் ஓடியாடிக் களைத்துவிடாதீர்கள். விடியற்காலையிலிருந்து கோயில் கோயிலாக ஏறி இறங்கிவிட்டு எட்டு மணிக்குப் படுக்கையில் விழவேண்டுமானால் கியோத்தோவுக்கே போகலாம். இங்கே இரவு உணவுக்குப் பிறகுதான் ஊர் கண் விழிக்கிறது.

வந்து சேர்வது எளிது. பன்னாட்டு முனையத்தில் இறங்கி, இலவச பஸ்ஸில் உள்நாட்டு முனையத்துக்குப் போனால் அதன் அடியிலேயே சுரங்க ரயில். இரண்டாவது நிறுத்தம் ஹகாதா, கட்டணம் 260 யென். டிக்கெட் இயந்திரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கிரெடிட் கார்டையே வாயிலில் தொட்டுவிட்டு நுழையலாம். டாக்சி வீண் செலவு. முதன்மை ரயில் நிலையத்தின் பெயர் ஃபுகுஓகா அல்ல, ஹகாதா என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆற்றின் கிழக்கே வணிகர்களின் ஹகாதா, மேற்கே சாமுராய்களின் ஃபுகுஓகா என்று இரண்டு ஊர்களாக இருந்ததை 1889இல் ஒரே நகரமாக்கினார்கள். நகரத்துக்கு ஒரு பெயர் போனது, நிலையத்துக்கு மற்றது. ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போது ஹகாதா என்றே தேடுங்கள்.

பகலுக்குப் பழைய ஹகாதா போதும். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே தோச்சோஜி கோயில், உள்ளே 10.8 மீட்டர் உயர மரப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பீடத்துக்குக் கீழே கும்மிருட்டான ஒரு வழி உண்டு. சுவரைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். சிறுவர்களுக்குப் பிடிக்கும், இருட்டுக்குப் பயந்தவர்கள் வெளியே நிற்கலாம். புத்தரைப் படம் எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஷோஃபுகுஜி, சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் துறவி 1195இல் நிறுவிய ஜென் கோயில். கூட்டமே இருக்காது. அங்கிருந்து குஷிதா கோயிலுக்குப் போனால், பல ஆள் உயரத்துக்கு பொம்மைகளால் அலங்கரித்த யமகாசா தேர் ஒன்று ஜூன் மாதம் தவிர ஆண்டு முழுவதும் நிற்கும். ஜூலை 1 முதல் 15 வரை திருவிழா. கடைசி நாள் அதிகாலை 4:59க்கு, ஒரு டன் எடையுள்ள தேர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஓடுவார்கள். திருவிழா முடியும்வரை அவர்கள் வெள்ளரிக்காய் சாப்பிடுவதில்லை. காயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் கோயில் சின்னத்தைப் போலவே இருக்கிறதாம். ஜூலையில் வருகிறவர்கள் அந்த விடியற்காலைத் தூக்கத்தைத் தியாகம் செய்யலாம்.

வணங்கும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. குஷிதா போன்ற, ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் கோயில்களில் நாணயத்தைப் போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். தோச்சோஜி போன்ற புத்தர் கோயில்களில் தட்டக் கூடாது. கைகூப்பினால் போதும், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பகல் இருந்தால் பக்கத்து ஊரான தஸாய்ஃபு. நகர மையமான தென்ஜினிலிருந்து நிஷிதெத்சு என்கிற தனியார் ரயிலில் அரை மணி நேரம். தலைநகரிலிருந்து அங்கே அனுப்பப்பட்டு 903இல் அங்கேயே இறந்த அறிஞர் மிச்சிஸானே இன்று கல்விக் கடவுள், கோயில் அவருடையது. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் குவிவார்கள். கோயில் தெருவில் உமெகாஎ மோச்சியைச் சுடச்சுட வாங்குங்கள். அரிசிமாவுக்குள் இனிப்புச் சிவப்புப் பயறு. சைவர்கள் கவலையின்றிச் சாப்பிடக்கூடிய அரிய பண்டம். ஓஹோரி பூங்காவில் ஏரியை ஒரு சுற்று நடந்தால் இரண்டு கிலோமீட்டர். 234 மீட்டர் ஃபுகுஓகா கோபுரத்தில் ஏறாவிட்டால் குடி ஒன்றும் முழுகிப்போகாது.

இனி இரவுக்கு வருவோம். இந்த ஊரின் பெருமையே யதாய் என்கிற நடைபாதைக் கடைகள்தான். மாலையில் வண்டியை இழுத்து வந்து நிறுத்தி, விளக்கையும் பெஞ்சையும் போடுவார்கள். விடிவதற்குள் தடமே இருக்காது. ஊரில் நூறு கடைகள் அளவில் உண்டு. நகாசு தீவில் ஆற்றோரமாக நிற்பவை படத்துக்கு அழகு, ஆனால் வரிசையும் நீளம், விலையும் சற்று அதிகம். தென்ஜினில் அலுவலகம் முடிந்து வரும் உள்ளூர்க்காரர்களோடு உட்காரலாம். என் ஓட்டு தென்ஜினுக்குத்தான்.

ஒரு கடையில் எட்டு, பத்துப் பேர்தான் உட்கார முடியும். அங்குள்ள நடைமுறை எல்லாம் அந்த இடநெருக்கடியிலிருந்து வந்தவை. ஆறு பேராகப் போகாதீர்கள். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. திரைச்சீலையை விலக்கி, விரல்களால் எண்ணிக்கையைக் காட்டி, கடைக்காரர் தலையசைத்த பிறகு உட்காருங்கள். பையை மடியிலோ காலடியிலோ வையுங்கள். ஆளுக்கு ஒரு பானமும் ஒரு பதார்த்தமுமாவது சொல்ல வேண்டும். ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் ஒன்றை வாங்கி நான்கு பேர் பகிர்ந்தால் கடைக்காரர் முகம் சுருங்கும், அது நியாயம்தான். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோய்த் திறக்காதீர்கள். புதிதாக யாராவது எட்டிப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுங்கள். சாப்பிட்டு முடித்து, வெளியே ஆட்கள் காத்திருந்தால் எழுந்துவிடுங்கள். கழிப்பறை கிடையாது, முன்பே போய்விட்டு வாருங்கள். பல கடைகளில் ரொக்கம்தான் செல்லும், ஆயிரம் யென் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் வைக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. விலை தெரியாத இடத்தில் உட்காராதீர்கள். பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்லுங்கள், அதற்காகத்தான் அவரும் வந்திருக்கிறார்.

என்ன சாப்பிடுவது? ஹகாதா ராமென் பன்றி எலும்பைக் கொதிக்க வைத்த வெள்ளைச் சாறு. நகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நேரமில்லை என்பதால் நூடுல்ஸை மெல்லியதாக்கினார்கள், நொடியில் வெந்துவிடும். சற்று விறைப்பாக வேண்டுமானால் "காதா" என்று சொல்லுங்கள். நூடுல்ஸ் தீர்ந்ததும் சாற்றை மிச்சம் வைத்து "காஎதமா" என்றால் இன்னொரு பிடி கிண்ணத்தில் விழும். பன்றி சாப்பிடாதவர்கள் கோபோதென் உதோன் கேளுங்கள்: மெத்தென்ற தடித்த நூடுல்ஸ், மேலே பொரித்த ஒரு வேர்க் கிழங்கு. ஆனால் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்தது. "இறைச்சி வேண்டாம்" என்றால் இறைச்சித் துண்டைத்தான் எடுப்பார்கள், சாறு அதேதான். கண்டிப்பான சைவர்கள் தங்குமிடத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து, யதாயில் எடமாமே என்கிற அவித்த பச்சைச் சோயாவும் ஒரு பானமுமாக உட்காருவது நல்லது. மது அருந்த 20 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பிக்கொள்ளாமல் பக்கத்தவருக்கு ஊற்றுங்கள். உங்களுடையதை அவர் கவனித்துக்கொள்வார்.

சாப்ஸ்டிக்குகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். எரியூட்டியபின் எலும்பை எடுப்பது அப்படித்தான். மற்றபடி நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் எவ்வளவு வந்தாலும் தப்பில்லை. டிப்ஸ் வைக்காதீர்கள், துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருவார்கள். குப்பைத் தொட்டி அரிது, கையில் ஒரு பை இருக்கட்டும். ரயிலில் தொலைபேசியில் பேசாதீர்கள்.

நகாசு தீவின் உட்தெருக்கள் வேறு உலகம். அங்கே நல்ல மதுக்கூடங்களும் உண்டு, பெண்களைக் காட்டிக் காசு பறிக்கும் இடங்களும் உண்டு. தெருவில் நின்று கூப்பிடுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பின்னால் போகாதீர்கள். சில பலகைகளை உங்கள் கைப்பேசிச் செயலி "இலவசத் தகவல் மையம்" என்று மொழிபெயர்த்துக் காட்டும். சுற்றுலாத் தகவல் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள். அங்கே தருவது பாலியல் கேளிக்கை விடுதிகளின் விவரம். மதுக்கூடத்தில் உட்காருமுன் இருக்கைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அதுவும் பில்லில் சேரும், அது ஏமாற்று அல்ல, வழக்கம்.

சுரங்க ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். அதற்குமேல் டாக்சிதான், இரவுக் கட்டணம் கூடுதல். பின்கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார், நீங்கள் கைவைக்காதீர்கள். தென்ஜினுக்கும் ஹகாதாவுக்கும் இடையே தங்கினால் இந்தச் செலவே இல்லை, நடந்தே திரும்பலாம்.

பலத்த மழையோ காற்றோ இருந்தால் யதாய்கள் பெரும்பாலும் வராது. அதனால் முதல் இரவே போய்விடுங்கள், கடைசி இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள். மழையில் மாட்டிக்கொண்டால் ஏதாவது சிறிய உதோன் கடைக்குள் நுழையுங்கள். வாசலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. அதை உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றால், விளக்கு எரிந்தாலும் வியாபாரம் முடிந்தது, அடுத்த கடையைப் பாருங்கள்.