பழைய தக்கைத் திருகி வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

புட்டியின் தக்கையை இழுத்தெடுக்கும் பழைய திருகியின் பித்தளை உடலில் ‘பேட்டன்ட்’ (காப்புரிமை) என்று பொறித்திருந்தால் போதும், உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த ஒரு சொல்லில்தான்.

எட்வர்ட் தாமசன் 1802-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற திருகியைப் பாருங்கள். கைப்பிடியை ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால் சுருள் தக்கைக்குள் இறங்கும். மேலும் திருகினால் தக்கையே மேலேறி வந்துவிடும். அருமையான வேலைப்பாடு. ஆனால் அக்காலக் காப்புரிமைக்கு ஆயுள் 14 ஆண்டுகள்தான். அது முடிந்ததும் பலர் அதே அமைப்பில் செய்தார்கள். அதே போன்ற அரச முத்திரைத் தகட்டையும் பதித்தார்கள். ஆகவே முத்திரையைப் பார்த்ததும் மயங்காமல், தகட்டில் யார் பெயர் இருக்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

ஜெர்மானியத் திருகிகளில் காணும் டி.ஆர்.ஜி.எம். என்ற குறியைக் காப்புரிமை என்றே பலர் சொல்லி விற்கிறார்கள். அது 1891 முதல் வழங்கப்பட்ட, குறுகிய காலப் பாதுகாப்பு தரும் பதிவு மட்டுமே. முழுமையான காப்புரிமைக்குக் குறி டி.ஆர்.பி. பிரெஞ்சுக் கருவிகளில் ‘ப்ரெவெத்தே’ (காப்புரிமை பெற்றது) என்ற சொல்லை அடுத்து வரும் எஸ்.ஜி.டி.ஜி. என்ற எழுத்துகளுக்கு ‘அரசின் உத்தரவாதம் இல்லாமல்’ என்று பொருள். பொறித்திருக்கும் ஆண்டும் உரிமை கிடைத்த ஆண்டுதான். பொருள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

எழுத்தைப் படித்து முடித்ததும் சுருளின் நுனியைப் பாருங்கள். என் அனுபவத்தில் விலையைத் தீர்மானிப்பது அதுதான். நுனி ஒடிந்த சுருளை அரத்தால் ராவிக் கூராக்கி விற்பது பழைய வழக்கம். இயல்பான நுனி, கம்பி படிப்படியாக மெலிந்து வந்து முடியும். ராவிய நுனியோ கம்பியின் பருமன் குறையாமலே வந்து சட்டென்று கூராகும். அந்த இடம் மட்டும் வெளிறிப் பளபளக்கும். விரல் நுனியால் மெல்லத் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

லண்ட் என்பவர் 1855-ல் காப்புரிமை பெற்ற நெம்புகோல் திருகியில் நெம்புகோல் தனி, சுருள் தனி. ஒன்று தொலைந்துபோய் வேறொன்றின் சுருளைச் சேர்த்து விற்பதுண்டு. இரண்டு பகுதிகளையும் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

துலக்குவதில் நான் செய்த பிழை இன்னும் மனதை உறுத்துகிறது. இரும்புத் திருகி ஒன்றைச் சுழலும் கம்பித் தூரிகையில் கொடுத்தேன். துருவோடு பழைய வெண்கலப் பூச்சும் போயிற்று. செய்தவர் பெயரில் பாதி எழுத்துகள் மழுங்கிவிட்டன. இனி அதை யார் செய்தது என்று என்னால் காட்ட முடியாது. மென்மையான துணியும் இரண்டு சொட்டு எண்ணெயும் போதும். எலும்புக் கைப்பிடியை ஒருபோதும் நீரில் ஊறவைக்காதீர்கள், வெடித்துவிடும். கைப்பிடியின் ஓரத்தில் இருக்கும் சிறு தூரிகை, புட்டியின் கழுத்தில் படிந்த தூசியைத் தட்டுவதற்கானது. அதில் மயிர் உதிர்ந்திருப்பது பெரிய குறையில்லை. புதிதாக ஒட்டியதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் குறை.

கைப்பிடி தந்தம் என்று விற்பவர் சொன்னால் வாங்குமுன் இருமுறை யோசியுங்கள். பல நாடுகளில் தந்த விற்பனைக்குக் கடுமையான தடை உண்டு. எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் ஓடும்.