ஆரணி உமிச் சாம்பலில் சிலிக்கா எடுக்கும் முறை

ஆரணியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. ரைஸ் மில் புகைபோக்கியிலிருந்து கரித்துகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அப்பா ஒரு மில்லில் பாய்லர் பார்த்தவர். நெல் அவிக்க அங்கே உமிதான் விறகு. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி, அது எரிந்தால் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. டயரிலும் பற்பசையிலும் சேர்க்கிற பொருளைக் கரையோரம் கொட்டுகிறோமே என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்து பார்த்த முறை இது.

நல்ல சாம்பல் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. விரலால் தேய்த்தால் விபூதி போல மசிய வேண்டும். 700 டிகிரிக்குள் எரிந்தது அப்படி இருக்கும். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாக இறுகிவிடும்; காஸ்டிக் சோடாக் கரைசலில் சரியாகக் கரையாது, அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, எரியாத கரிதான். கிடைப்பது கொஞ்சம் குறையும். மூக்கை மூடிக்கொண்டு சலியுங்கள்.

100 கிராம் சாம்பலுக்கு 600 மில்லி தண்ணீர், 24 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் அரித்துப்போகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளறிக்கொண்டே 1 மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் கெட்டித் துணியில் வடித்து, பிறகு வடிதாளில் ஒரு முறை. கரி மேலே தங்கும்; கீழே இறங்குவது சிலிக்கா சோடாவில் கரைந்து உண்டான சோடியம் சிலிகேட்.

இனி அவசரமே கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பிஎச் (கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 10-க்குக் கீழே போகும்போது கரைசல் கலங்கும், கரண்டி கனக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளநுங்கு போல உறையும். 7-ல் நிறுத்துங்கள். முதல் தடவை நான் மடமடவென்று ஊற்றிவிட்டேன். கட்டி கட்டியாகி, உள்ளே சோடா சிக்கி, காய்ந்த தூள் விரலை அரித்தது.

ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் உடைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுங்கள். சோடாவும் அமிலமும் சேர்ந்து உண்டான உப்பு அந்தத் தண்ணீரில் வரும், அதை வாய்க்காலில் விடாதீர்கள்; தோல் கழிவின் உப்பால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதைக் கண்ட வட ஆற்காட்டுக்காரர்கள் நாம். அகலமான தட்டில் வெயிலில் வற்றவைத்து உப்பைத் தனியே எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் வடிந்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. சொட்டு விழுந்தும் நீர் தெளிவாகவே நின்றால், 80 டிகிரியில் உலர்த்தலாம். எனக்கு 60 கிராமுக்கு மேல் கிடைத்தது.