மனைப்பிரிவில் கட்டி விற்கும் புது வீட்டை வாங்குவதற்கு முன்: கொங்குப் பகுதியினருக்கான வழிகாட்டி

கோவையிலிருந்து அன்னூர் செல்லும் சாலையிலோ, திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையிலோ, ஈரோட்டிலிருந்து பெருந்துறைப் பக்கமோ போனால், ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளில் இப்போது ஒரே சாயலில் வீடுகள் வரிசையாக எழுந்திருப்பதைக் காணலாம். நான்கு சென்ட் சைட், இரண்டு அல்லது மூன்று படுக்கையறை, முன்னால் கார் நிறுத்த இடம், நுழைவாயிலில் ஒரு வளைவு, அதன்மேல் ஒரு நகரின் பெயர். விலையைச் சொல்லும் புரோமோட்டர், ஆடி முடிந்தால் விலை ஏறிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்வார். வாங்க வருபவர்கள் சமையலறை மேடையையும் குளியலறைக் குழாய்களையும் முதலில் பார்க்கிறார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த பிறகே பத்திர நகலைக் கேட்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலில் நிலத்தின் உரிமை, அடுத்து அனுமதி, பிறகு மண்ணும் தண்ணீரும், அதற்குப் பின்னரே கட்டடம். குழாயை ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம். பாகப்பிரிவினையில் விடுபட்டுப்போன ஒரு கையெழுத்தை வாங்க நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கும்.

நிலம் வந்த வழி

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரையிலான அனைத்துப் பத்திரங்களின் நகல்கள், பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டுப் பகுதி, புல வரைபடம், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த்துறையின் இணையதளத்திலும் நீங்களே எடுக்க முடியும் என்பதால், புரோமோட்டர் கொடுக்கும் நகலை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் பகுதியில் மனைப்பிரிவாகும் நிலங்களில் பல, ஒரு குடும்பத்தின் பூர்வீகத் தோட்டமாக இருந்தவை. ஆண் மக்கள் பங்கு பிரித்துக்கொள்வதும், பெண் மக்களுக்குச் சீரும் நகையும் செய்து அனுப்பியதோடு கணக்கு முடிந்ததாகக் கருதுவதும் நெடுநாள் வழக்கம். சட்டம் அப்படிக் கருதுவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் அந்த ஆண்டு வரை மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை அளித்தன. அந்த உரிமைக்குத் தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன் பதிவான பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகளும், அந்தத் தேதிக்கு முன் நடந்த விற்பனை போன்ற உரிமை மாற்றங்களும் மட்டும் இதிலிருந்து காக்கப்பட்டுள்ளன. ஆகவே, பாகப்பிரிவினைப் பத்திரம் அதற்குப் பிந்தையதாக இருந்தால், குடும்பத்தின் மகள்கள் அனைவரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்களா, இல்லையெனில் தம் பங்கை விட்டுக்கொடுத்துத் தனியாக விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்களா என்று வாரிசுச் சான்றை வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும். கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் அத்தையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை; நிலம் சென்ட் பல லட்சத்துக்கு விற்கும்போது அவருடைய பேரனுக்கு நினைவு வரும்.

தோட்டத்தின் உரிமையாளர் தாமே விற்காமல் புரோமோட்டருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால், அது பதிவு செய்யப்பட்டதா, ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். வில்லங்கச் சான்றில் உரிமை ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டதாக ஒரு பதிவு இருந்தால், புரோமோட்டர் மனைப்பிரிவு முழுவதையும் ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அதில் தவறில்லை. ஆனால் உங்கள் மனை எண்ணை மட்டும் விடுவித்து, கடன் கொடுத்த நிறுவனம் பதிவு செய்து தரும் ரசீதுப் பத்திரம் இல்லாமல் கிரயம் செய்யக் கூடாது.

பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் கிணற்றில் பங்கு, மாமூல் தடம், வண்டிப்பாதை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவற்றைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இட்டேரியாக, அதாவது இரு வேலிகளுக்கு நடுவே செல்லும் வழியாக, இருந்த பாதை மனைப்பிரிவுக்குள் மதிலால் அடைபட்டிருந்தால், பின்னால் இருக்கும் தோட்டத்துக்காரர் ஒருநாள் தம் தடத்தைக் கேட்டு வருவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

இவற்றையெல்லாம் படித்துப் பார்க்க உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள். வங்கி கடன் தருகிறதே, அவர்கள் பார்க்காமலா இருப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். வழக்கு வந்தாலும் மாதத் தவணையை நீங்கள்தான் கட்டியாக வேண்டும்.

அனுமதிகள்

ஊராட்சி அலுவலகத்தின் முத்திரையோடு ஒரு வரைபடத்தைக் காட்டி, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்று சொல்வது இன்னும் ஓயவில்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், அனுமதி இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்துகொள்ள வழி தரப்பட்டது. அந்த வகை மனை என்றால் வரன்முறை ஆணையைக் கேளுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் மனை எண், நீள அகலம், சாலையின் அகலம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு போய் மனையை அளந்து பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நான்கு சென்ட் என்று விற்கப்படும் மனை 1,742 சதுர அடிக்குக் குறையக் கூடாது. பூங்கா என்று வரைபடத்தில் இருக்கும் இடம் நேரிலும் காலியாக இருக்கிறதா, சாலைகளும் அந்த இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்து கொடுக்கப்பட்டனவா என்பதையும் விசாரியுங்கள். தானம் கொடுக்காத சாலைக்கு உள்ளாட்சி தெருவிளக்குப் போடாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் ரெரா என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். விளம்பரத்திலேயே அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மனைப்பிரிவுக்கான பதிவும் கட்டடத் திட்டத்துக்கான பதிவும் வெவ்வேறானவை. மனைப்பிரிவுக்கு வாங்கிய எண்ணைக் காட்டி வீடுகளை விற்பவர்கள் இருக்கிறார்கள். மனையை ஒருவர் பெயரில் கிரயம் செய்துவிட்டு, கட்டுமானத்தை வேறொரு நிறுவனத்தின் பெயரில் தனி ஒப்பந்தமாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய நிலையில், வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்னே செல்ல வேண்டாம்.

தொண்டாமுத்தூர், ஆலாந்துறை போன்ற மேற்கு மலையடிவாரக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். கீழ்பவானி, பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பரப்புகளில் நஞ்சையாக இருந்த நிலம் என்றால், அதை மனையாக மாற்றியதற்கான ஆணையைப் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளத்தை ஒட்டிய இடங்களுக்கும், எரிவாயு, எண்ணெய்க் குழாய்களும் உயரழுத்த மின்கம்பிகளும் செல்லும் இடங்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு; கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

மண்ணும் தண்ணீரும்

வீட்டை இரண்டு முறை பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை. மழையில் பார்த்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும், கோடையில் பார்த்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். நம் பக்கத்தில் பள்ளம் என்று சொல்லும் மழைக்கால ஓடைகள் ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடப்பதால், அவற்றை மண் கொட்டி நிரப்பி மனையாக்குவது எளிது. புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் பெருமழைக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல் அது.

அடுத்தது மண். செம்மண்ணும் சுக்கான் பாறையும் உள்ள இடங்களில் அடித்தளம் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரங்களில் பரவலாகக் காணப்படும் கரிசல் மண் அப்படிப்பட்டதன்று; நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் மூன்று நான்கு அடி ஆழத்தில் வாணம் தோண்டிக் கருங்கல் அடுக்கி எழுப்பிய வீடு, மூன்றாவது கோடையில் சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் விடும். கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை தூண்களை இறக்கியிருக்கிறார்களா, அல்லது அடிப்பகுதி அகன்ற காங்கிரீட் தூண்களான அண்டர் ரீம்டு பைல் போட்டுத் தரைமட்டப் பெல்ட்டால் இணைத்திருக்கிறார்களா என்பதை அமைப்புப் பொறியாளரின் கையெழுத்திட்ட வரைபடத்தில் பார்க்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அடித்தளத்தைப் பார்க்க முடியாது. ஆகவே, அதே மனைப்பிரிவில் அடுத்து வாணம் தோண்டும் வீட்டைப் போய்ப் பாருங்கள். உறவினர் ஒருவருக்காகச் சென்றபோது நான் அப்படித்தான் பார்த்தேன். புரோமோட்டர் செம்மண் பூமி என்று சொன்ன இடத்தில், செம்மண் மேலே கொட்டிய ஓரடிக்குத்தான் இருந்தது.

தண்ணீரைப் பொறுத்தவரை, போர் எத்தனை அடி, எந்த ஆண்டில் போட்டது, எத்தனை வீடுகளுக்குப் பொதுவானது என்று கேளுங்கள். ஆயிரம் அடி போட்டும் புழுதி பறந்த இடங்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். கிடைக்கும் தண்ணீரும் பல இடங்களில் உப்புத் தண்ணீர். நொய்யல் கரையில், குறிப்பாகத் திருப்பூருக்குக் கீழே, சாயக்கழிவின் பாதிப்பும் நிலத்தடி நீரில் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பது பெரிய செலவன்று. சிறுவாணித் தண்ணீர் வரும், பில்லூர்த் தண்ணீர் வரும் என்று சொன்னால், குடிநீர் இணைப்பு ஏற்கெனவே பெற்ற வீட்டின் வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வரப்போகும் குழாய்க்கு இப்போதே விலை கொடுக்க வேண்டாம்.

கட்டடம்

பெரிய அடுக்குமாடிகளுக்குப் போல அல்லாமல், சிறிய தனி வீடுகளுக்கு நிறைவுச் சான்று பெறுவதிலிருந்து விதிகளில் விலக்கு உண்டு. வாங்குபவருக்கு இதனால் இழப்புதான்: உங்கள் சார்பில் அரசுப் பொறியாளர் எவரும் அந்த வீட்டைப் பார்த்திருக்கப் போவதில்லை. புரோமோட்டரோடு தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து அரைநாள் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. மொட்டைமாடியிலும் குளியலறைகளிலும் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழ்க்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். தரை ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் இடம் வேறுவிதமாக ஒலிக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். தடாகம் பள்ளத்தாக்குச் செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு இங்கே ஹாலோ பிளாக்கும் ஏஏசி பிளாக்கும் அதிகமாகப் புழங்குகின்றன. அவை குறையல்ல, ஆனால் செங்கல் என்று சொல்லி விற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டின் தரைமட்டம் சாலையைவிட இரண்டரை அடியாவது உயர்ந்திருக்கட்டும், ஏனெனில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயரும், வீடு உயராது. மின் இணைப்பு கட்டுமானக் காலத்துத் தற்காலிக இணைப்பா, வீட்டுக்கான நிரந்தர இணைப்பா என்று மின் அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

ரெராவின் கீழ் வரும் திட்டத்தில், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கப் புரோமோட்டருக்கு உரிமையில்லை. டோக்கன் தொகையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, பத்திரத்தில் குறை இருந்தால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மனை எண், கார்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கக்கூடிய தரைப்பரப்பு), சிமெண்ட், கம்பி, மின்கம்பி, குழாய் ஆகியவற்றின் தரம், சாவி ஒப்படைக்கும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். தேதி தவறினால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும், விலகாமல் தாமதத்துக்கு வட்டி பெறவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது.

விலைக்கு மேல் வரும் செலவை முன்பே கணக்கிடுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. நிலமும் கட்டடமும் சேர்ந்து 50 லட்சம் என்றால் நாலரை லட்சம். கட்டுமானத்தின்போதே வாங்கினால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, குறைந்த விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1 விழுக்காடு. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலைக்கு, 1 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியவர் வாங்குபவரே. செலவைக் குறைக்கலாம் என்று கூறி, கட்டி முடித்த வீட்டை வெற்று மனையாகப் பதிவு செய்யச் சொன்னால் உடன்படாதீர்கள். கள ஆய்வில் தெரியவரும்போது குறைவுத் தீர்வை உங்களிடமே கேட்கப்படும். அதற்குள் புரோமோட்டர் அடுத்த மனைப்பிரிவுக்குப் போயிருப்பார்.

பதிவு முடிந்ததும் அசல் பத்திரங்களோடு அனுமதி பெற்ற கட்டட வரைபடம், மின், குழாய் வரைபடங்கள் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் பட்டா மாறுதலுக்கு உடனே விண்ணப்பித்து, நில அளவர் வரும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டினால், 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டியது புரோமோட்டரின் கடமை. ஆகவே, சாவி வாங்கிய நாளை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் கண்டால் தேதி தெரியும்படி படமெடுத்து, தொலைபேசியில் சொல்வதோடு நில்லாமல் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள்.