நண்டு வலைக் கழிவு: கடலிலும் கரையிலும் கணக்கிலும் நடக்கும் தவறுகள்

பாக் விரிகுடாக் கரையில் நண்டு வலை என்றால் பெரும்பாலும் கடலடியில் கிடக்கும் நரம்பு (நைலான் ஒற்றை இழை) வலைதான். சாயங்காலம் வத்தை என்ற சிறு மரப்படகிலோ ஃபைபர் படகிலோ போய் விட்டுவிட்டு வருவார்கள், விடியும் முன்னே போய் எடுப்பார்கள். அடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை மடியோடு பார்த்தால் இது சாதுவான தொழில். அதனாலேயே 'நாட்டுப்படகுத் தொழிலில் கழிவே கிடையாது' என்று மேடையில் பேசுகிறார்கள், அறிக்கையிலும் எழுதிவிடுகிறார்கள். வலை உதறும் இடத்தில் போய் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முள்ளிச் சங்கு, நட்சத்திர மீன், கடற்பஞ்சு, வேரோடு வந்த தாழை (கடற்புல்), பேத்தை மீன், விற்க முடியாத சிறு நண்டு எல்லாம் மணலில் கிடக்கும்.

இந்தக் கழிவில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்பது என் எண்ணம். எங்கே தவறுகிறோம் என்று பார்ப்போம்.

சிக்கியதெல்லாம் கரைக்கு

வலையை அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து கரையில் வைத்துக் கழற்றுவதுதான் பெரிய தவறு. காரணம் இல்லாமல் யாரும் இப்படிச் செய்வதில்லை. வத்தையில் இரண்டு பேர் உட்காரவே இடம் போதாது, வாடைக் காற்றில் படகு நிலையாக நிற்காது, கரையில் வீட்டுப் பெண்கள் கூட மாட உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும், வியாபாரி வேறு காத்திருப்பார். ஆனால் கடலிலேயே விட்டிருந்தால் பிழைத்திருக்கும் சங்கும் நட்சத்திர மீனும் சிறு நண்டும் வெயில் ஏறும் வரை வலைக்குள் கிடந்து, பிறகு மணலில் எறியப்பட்டுச் சாகின்றன. வலையில் சிக்கியதால் செத்ததைவிட வலையைக் கழற்றிய இடத்தால் செத்தது அதிகம் என்று சொல்லும்படி இருக்கும் சில நாட்கள்.

முழு வலையையும் கடலிலேயே கழற்று என்று சொல்வது தொழில் தெரியாதவர் பேச்சு. வலை ஏறும்போது ஒரு கையால் உருவினால் வந்துவிடுகிற சங்கையும் நட்சத்திர மீனையும் அங்கேயே போட்டுவிடலாம். இறுகச் சுற்றியதை விட்டுவிட்டு, வலையின் மேல் நனைந்த சாக்கைப் போட்டுக் கொண்டுவரலாம். கரையில் கழற்றும் இடத்தில் கடல்தண்ணீர் பிடித்த தொட்டி ஒன்று இருந்தால் போதும், உயிரோடு இருப்பது அதில் விழட்டும். சிறு நண்டைக் கரையோரத் தாழையிலேயே விடலாம், அது வளரும் இடமே அதுதான். சினை நண்டுக்கு அது பொருந்தாது. அதை அடுத்த முறை படகு போகும்போது ஆழத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

வலை கிடக்கும் நேரம்

முள்ளிச் சங்கு ஏன் இத்தனை சிக்குகிறது என்று கேட்டால் 'அடியில் சங்கு ஜாஸ்தி' என்பார்கள். அது பாதிதான் உண்மை. முன்னிரவில் சிக்கும் ஓரா, காரல் மீன்கள் வலையிலேயே செத்துவிடும். அந்த வாடைக்குச் சங்கு ஊர்ந்து வரும், ஏனென்றால் அது இறைச்சி தின்னும் ஜாதி. தின்ன வந்தது தன் முட்களால் வலையில் மாட்டிக்கொள்ளும். நண்டும் அப்படியே தேடி வரும், பின்னாலேயே அதைத் தின்ன மற்றொன்றும் வரும். ஆக, நேரம் ஏற ஏற வலை தனக்குத்தானே இரை வைத்துக்கொள்கிறது. காற்று கிளம்பிவிட்டது என்று இரண்டு ராத்திரி கிடந்த வலையை எடுத்துப் பார்த்தால், சங்கு கொத்துக் கொத்தாக இருக்கும், நண்டின் ஓடு மட்டும் தொங்கும். பாதி தின்னப்பட்ட அந்த நண்டும் கழிவுதான், அதுவும் நம்முடைய சரக்கே.

வானிலை அறிவிப்பைப் பார்த்து, மறுநாள் எடுக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் அன்று வலை விடாமல் இருப்பது நல்லது. எடுக்க முடியாமல் தொலைந்த நரம்பு வலை மட்காது. அது வெகுகாலம் ஆள் இல்லாமல் தொழில் பார்க்கும்.

வலைக் கண் பெரிதானால் போதும் என்ற நம்பிக்கை

மீன் வலையில் கண்ணின் அளவே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சின்ன மீன் புகுந்து போய்விடும், பெரிய மீன் செவுளில் மாட்டும். நண்டு அப்படிச் செவுளில் மாட்டுகிற ஜந்து இல்லை. கொடுக்கும் காலும் முள்ளும் நூலில் சுற்றித்தான் சிக்குகிறது. அதனால் பெரிய கண்ணிலும் சின்ன நண்டு மாட்டும். கண் அளவு வேண்டாத காரியம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதோடு வலையை எவ்வளவு தொய்வாகக் கட்டியிருக்கிறோம், நரம்பு எவ்வளவு மெலிசு, வலை எத்தனை உயரம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொய்வு கூடினால் எதையும் சுற்றிப் பிடிக்கும். உயரம் கூடினால் நண்டுக்குச் சம்பந்தமே இல்லாத மீனும் ஆமையும் வரும். நண்டு நடப்பது அடியில்தானே, வலைக்கு எதற்கு அத்தனை உயரம்? மத்திய தரைக்கடல் பக்கம் அடிவலைகளில் ஈயக் கயிற்றுக்கும் வலைக்கும் நடுவே தடித்த நூலில் ஒரு பட்டை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடியில் ஊரும் ஜீவன்கள் சிக்குவது அதனால் குறைந்தது. நம் நண்டும் குறையுமா என்பதைச் சில துண்டு வலையில் கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கழற்றும் கை

அவசரத்தில் கொடுக்கைப் பிடித்து இழுப்பார்கள். நண்டு தன் காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்பிக்கும் பிராணி. இழுத்தால் கால் கையோடு வந்துவிடும். விற்கும் நண்டென்றால் விலை குறையும், திருப்பி விடும் நண்டென்றால் கொடுக்கு இல்லாமல் இரை தேடத் திணறும். பின்பக்கம், கடைசித் துடுப்புக் கால்களின் அடியில் பிடித்து, முதலில் ஓட்டின் பக்கவாட்டு முள்ளில் மாட்டிய நூலை விலக்கி, பிறகு ஒவ்வொரு காலாக உருவ வேண்டும். கடைசியில்தான் கொடுக்கு.

சினை நண்டின் முட்டை முதலில் ஆரஞ்சாக இருக்கும், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாகிக் கறுக்கும். கறுத்ததைக் கரைக்குக் கொண்டுவருவது, லட்சக்கணக்கான குஞ்சுகள் வெளியேற இருக்கும் நேரத்தில் கதவைச் சாத்துவது. முட்டையைச் சுரண்டிவிட்டு விற்றால் அது நண்டாகத் தெரியலாம், மறு வருஷத்துக் கடலில் அது தெரியாது. ஓடு உரித்து, தொட்டால் அமுங்கும் நண்டும் அப்படியே. சதை இல்லாததற்கு விலை கிடைக்காது, திரும்ப விட்டால் சில வாரங்களில் சதை பிடித்துவிடும்.

அசையாத ஆமை

ஆமையும் ஆவுளியாவும் (கடல்பசு) மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டியவை. ராத்திரி முழுக்க அடியில் கிடக்கும் வலை அவற்றை மூழ்கடித்துவிடும். ஆவுளியாவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அடர்ந்த தாழையின் மேல் வலை விடாமல் இருப்பதே அதற்கு முதல் உதவி.

ஆமை அசையாமல் வந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளுவது பெரிய பிழை. மயங்கியிருக்கலாம், அந்த நிலையில் போட்டால் மூழ்கிச் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தைச் சுமார் 15 செ.மீ. உயர்த்தி, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். மூக்கை மூடக்கூடாது. தெளிய சில மணி நேரமாகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சிக்கினால் அங்கேயே விட்டுவிடுவதுதான் வழி.

கணக்கில் வரும் தவறு

ஏலக்கூடத்தில் எடை போட்டதையே 'பிடிப்பு' என்று எழுதுவது ஆய்வு செய்பவர்கள் பக்கத்துத் தவறு. அது கரை சேர்ந்தது மட்டும்தான். கடலில் எறிந்ததும் மணலில் கொட்டியதும் அதில் இல்லை. அடுத்தது, வேண்டாமல் சிக்கியதை எல்லாம் கழிவு என்று எண்ணுவது. ஓராவும் திருக்கையும் நண்டு வலையில் தற்செயலாக வந்தாலும் விலைக்குப் போகின்றன. சங்காயம் எனப்படும் பொடி மீன் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகிறது. அது தூக்கி எறியப்படவில்லை, ஆனால் குஞ்சு மீன் செத்தது செத்ததுதான்.

உலக உணவு வேளாண் அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கில், 2010 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் கடலில் எறியப்பட்டது, அதாவது பிடிப்பில் 10.8 சதவீதம். அதில் 46 சதவீதம் அடிமடி இழுவையின் பங்கு. இந்த 10.8ஐ அப்படியே எடுத்து, இந்தக் கரையில் தொண்டியிலோ மண்டபத்திலோ உள்ள ஒரு வத்தையின் மேல் போடக்கூடாது. எடை மட்டும் போட்டாலும் தப்பு. தண்ணீர் ஊறிய கடற்பஞ்சு ஒன்று, சிறு நண்டு பலவற்றின் எடை இருக்கும். எண்ணிக்கை, எடை, உயிரோடு போனதா செத்துப் போனதா என்று மூன்றையும் குறிக்க வேண்டும். அதோடு வலை எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை துண்டு வலை, அடியில் தாழையா மணலா என்பதும் வேண்டும். வாடைக் காலத்தில் ஒரு வாரம் எடுத்த கணக்கைக் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக்கும் நீட்டக்கூடாது. இவை இல்லாத கழிவுக் கணக்கை வைத்து ஒரு வலையையும் திருத்த முடியாது.