பாலாமணி அம்மாளின் வாழ்க்கையை மலையகத்தில் மேடையேற்றுவது எப்படி

கும்பகோணத்தில் பெண்களையே நடிகர்களாகக் கொண்டு சொந்த நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மாளின் கதையை இலங்கை மலையகத்து அட்டனிலோ பண்டாரவளையிலோ மேடையேற்ற விரும்புவோர், அவருடைய பிறப்பிலிருந்து அல்ல, குழுவை நடத்திய பொறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். நடிகை என்பதைவிட முதலாளி என்பதே அவருடைய பெரும் சாதனை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அவருடைய நாடகத்தைப் பார்க்க வருவோருக்காகத் தனி ரயில் ஓடியதாகச் சொல்வார்கள். அந்த ரயிலோசைக்குத் தப்பு என்னும் பறை ஒன்றே போதும், மெதுவாகத் தொடங்கி விரைவாக்குங்கள்.

மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதியாகவும் ஆண்களே வேடமிடும் மரபை அறிந்த நம் மக்களுக்கு, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்த பெண்கள் மேடையிலேயே மீசை ஒட்டிக்கொள்ளும் காட்சி ஒன்றே அவர் செய்த புதுமையை விளக்கிவிடும். அதை அவசரப்படுத்தாதீர்கள்.

அவருடைய இறுதிக்கால வறுமையை நீட்டாமல், காலியான நகைப்பெட்டியைத் திறந்து காட்டி விளக்கை அணையுங்கள்.