அவரைக் கொடியில் எறும்பு ஏறினால், அதற்குக் காரணம் எறும்பா?

அவரைக் கொடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் உடனே எறும்புப் பொடியைத் தூவிவிடுகிறோம். எறும்பு கொடியைத் தின்ன வரவில்லை. கொழுந்திலும் பூங்கொத்திலும் கருப்பாக அப்பிக் கிடக்கும் அசுவினி என்ற சின்னப் பூச்சி, சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான திரவத்தைக் கழிவாக விடும். எறும்பு வருவது அதற்குத்தான். சாரை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், அசுவினி அங்கே இருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காயின்மேல் ஓடும் சின்னக் கருப்புப் பூச்சியை எறும்பு என்றே விட்டுவிடுவோம். அது காய் நாவாய்ப்பூச்சியின் குஞ்சாக இருக்கலாம். உருவம் அச்சு அசல் எறும்புதான். உணர்கொம்பைக் கவனியுங்கள். எறும்புக்கு அது நடுவில் மடிந்திருக்கும், நாவாய்ப்பூச்சிக்கு மடிந்திருக்காது. இது ஊசி போன்ற வாயால் உறிஞ்சுவதால் காயில் ஓட்டை தெரியாது. உரித்தால்தான் விதை சுருங்கிக் கிடப்பது தெரியும்.

அசுவினிக் கூட்டத்தின் நடுவே கருஞ்சாம்பல் உடம்பும் ஆரஞ்சுப் புள்ளியுமாக, குட்டி முதலை மாதிரி ஒரு புழு நகர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்று தீர்க்க வந்திருக்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருப்பதாலேயே நம் கையால் சாகிறது, பாவம்.

அப்புறம், காயில் ஓட்டை என்றால் எல்லாம் ஒரே புழு என்று நினைப்பது. பச்சைக் காய்ப்புழு வட்டமாகத் துளைத்து, தலையை உள்ளே விட்டு, பாதி உடம்பை வெளியே வைத்துத் தின்னும். கண்ணில் படும், பொறுக்கிவிடலாம். புள்ளிக் காய்ப்புழு அப்படியல்ல. மொட்டு, பூ, இலை எல்லாவற்றையும் நூலால் பின்னி உள்ளே ஒளிந்துகொள்ளும். தெளிக்கும் மருந்து அந்தப் பின்னலுக்குள் எளிதில் போகாது. சேதம் பூவிலேயே தொடங்கிவிடுவதால், காயில் ஓட்டை தெரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பூக்கத் தொடங்கியதும் ஒட்டிக்கிடக்கும் பூங்கொத்துகளைப் பிரித்துப் பாருங்கள். புழுவும் கழிவும் இருந்தால் கொத்தோடு பறித்து அழியுங்கள்.

இலை வெளிறி, நுண்ணிய புள்ளிகளோடு அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். எட்டுக் கால் உள்ள அது பூச்சி இனமே அல்ல. பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அசையாது.

டப்பாவில் வைத்த விதை உளுத்துப்போனால் டப்பாவைக் குறை சொல்வோம். பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே, முற்றிய காயின்மேல் முட்டையிட்டுவிடும். விதைக்கு விட்ட காயில் வெண்புள்ளிகள் ஒட்டியிருக்கிறதா என்று பறிக்கும்போதே பார்த்து, அப்படிப்பட்டதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.